ஆள் தெரிஞ்சிருக்கணும்

பி.காம். கடைசி வருடம் படிக்கும்போது எங்கள் வகுப்புக்கு ஒருநாள் வேலைவாய்ப்பு வழிகாட்டல் வகுப்பு நடத்தினார்கள். வந்து பேசியவர் கோட்டும் டையும் அணிந்திருந்தார். சித்திரை மாதத் தஞ்சாவூர் வெயில். அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஒன்று, வேலை விளம்பரத்தில் வராது, தெரிந்தவர் மூலமாகத்தான் வரும். அதனால் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, ஒரு கதவு மூடினால் அடுத்ததைத் தட்டுங்கள், விடாமல் தட்டுங்கள். முதலாவதற்கு அவர் வைத்த பெயர் நெட்வொர்க்கிங். எங்கள் ஊரில் அதைத்தான் 'ஆள் தெரிஞ்சிருக்கணும்' என்பார்கள்.

அறுபது பெண்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டோம். அந்த அறிவுரை பொய்யில்லை. நானே அப்படித்தான் வேலை வாங்கினேன். ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில், ஓர் அரவை ஆலையில், கணக்கு வேலை. ஆரம்பச் சம்பளம் 14,000 ரூபாய். என்னோடு படித்த பலர் துணிக்கடையிலும் நகைக்கடையிலும் ஏழாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த நேரம் அது. கடையில் வேலை பார்ப்பவருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். ஆக, நான் வெற்றிக் கதைதான். அந்த வெற்றிக் கதையைத்தான் இங்கே விமர்சனம் செய்யப் போகிறேன்.

'தெரிந்தவர் மூலம் வேலை' என்பதற்குப் படிப்பாளிகள் மத்தியில் ஒரு மூலநூல் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையும், 1974-இல் வந்த அவருடைய 'வேலை கிடைப்பது' என்ற நூலும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம், 'உங்களுக்கு இந்த வேலை எப்படித் தெரியவந்தது?' என்று அவர் கேட்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு மனிதர் வழியாக என்றார்கள். அந்த மனிதரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அடுத்த கேள்வி. அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் சுமார் 17 விழுக்காடுதான். எப்போதாவது பார்ப்பேன் என்றவர்கள் சுமார் 56. அரிதாகத்தான் என்றவர்கள் சுமார் 28. வேலையைக் கொண்டுவருவது நெருங்கிய சொந்தமில்லை, அரைகுறையாகத் தெரிந்தவர்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். காரணமும் எளிமையானது. நம் வீட்டாருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். நமக்குத் தெரியாததைத் தெரிந்தவர் வேறு வட்டத்தில் இருப்பவர்.

அழகான வாதம். அரை நூற்றாண்டாக உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவர் கேள்வி கேட்ட அத்தனை பேரும் ஆண்கள். அலுவலகப் பணி, தொழில்நுட்பம், மேலாண்மை என்று வெள்ளைச்சட்டை வேலை பார்த்த ஆண்கள். பெண்கள் அந்த ஆய்வுக்குள் வரவே இல்லை. இதை அவர் மறைக்கவில்லை. மறந்தவர்கள் பின்னால் வந்து பாடம் நடத்தியவர்கள். ஆண்களிடம் கேட்டறிந்த ஒன்று மனித குலத்தின் விதியாகி, கோட்டும் டையும் போட்டுக்கொண்டு எங்கள் வகுப்புக்கு வந்துவிட்டது.

'அரைகுறையாகத் தெரிந்தவர்' என்ற சொல்லை எங்கள் ஊரில் வைத்துப் பார்ப்போம். என் சித்தப்பா மகனுக்கு அப்படி நூறு பேர். டீக்கடை, கட்டிங் கடை, கபடிக் குழு, கோயில் திருவிழா வசூல், கல்யாண வீட்டுப் பந்தல், எல்லாம் அவனுக்குப் பழக்கம் விளையும் நிலம். எனக்கு? வீட்டில் உள்ளவர்களை முழுக்கத் தெரியும், வெளியே உள்ளவர்களைத் தெரியவே கூடாது. ஒரு பெண்ணுக்கு அரைகுறையாகத் தெரிந்த ஆண் ஒருவன் இருந்தால் ஊர் முதலில் கேட்பது, "அவனோட உனக்கென்ன பேச்சு?" என்பதைத்தான். கிரனோவெட்டர் எதைச் செல்வம் என்றாரோ, அதைப் பெண் வைத்திருந்தால் ஊர் அதைக் களங்கம் என்கிறது. ஊர் காவல் போட்டிருப்பதே அந்த மெல்லிய உறவுகளுக்குத்தான். சாதியும் பாலினமும் அங்கேதான் வேலி கட்டுகின்றன.

விடாமுயற்சிக்கும் இதே கதிதான். நான் 2018-இல் படிப்பை முடித்தேன். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தது. மூன்று வருடத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்தேன். அந்த நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தது. தென்னையும் கூரையும் போன ஊரில் யாரிடம் போய் வேலை கேட்பது? ஆறு மாதம் கேட்கவில்லை. பிறகு மொத்தம் பதினான்கு மாதம் அலைந்தேன். ஒரே கடைக்கு மூன்று முறை போனால் என் சித்தப்பா மகனைத் 'துடியான பையன்' என்பார்கள். நான் போனபோது கல்லாவில் இருந்தவர், "வீட்ல ஆம்பள யாரும் இல்லியாம்மா?" என்று கேட்டார். அப்பா இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அடுத்த முறை நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. வழிகாட்டல் வகுப்பின் கணக்கில் அது விடாமுயற்சி இல்லாமை.

பஸ் காசும் ஒரு காரணம். நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. அதற்கு முன் தஞ்சாவூருக்கு ஒருமுறை போய்வர அம்மா டப்பாவிலிருந்து எடுத்துத் தந்த சில்லறை எவ்வளவு என்பதை வைத்துத்தான் அந்த வாரம் எத்தனை கதவு தட்டலாம் என்று முடிவாகும். 'உள்ளூர் வேலை' என்ற ஆசைக்கும் இதுதான் அடிப்படை. ஆண்கள் திருப்பூர் போகலாம், சிங்கப்பூர் போகலாம். கடைசிப் பேருந்துக்குள் வீடு திரும்ப வேண்டிய, திரும்பி உலை வைக்க வேண்டிய பெண்ணுக்கு வேலைச் சந்தை என்பது பேருந்து போகிற ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் கௌரவமான சம்பளம் எத்தனை இடத்தில் இருக்கும்? முதலாளிக்கும் அது தெரியும். அதனால்தான் அந்த வட்டத்துக்குள் சம்பளம் ஏழாயிரமாக இருக்கிறது.

சரி, எனக்கு எப்படிக் கிடைத்தது?

எங்களுக்கு இரண்டு ஏக்கர் உண்டு. புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய்ப் பாசனம். எங்கள் வயலுக்கு நடவுக்கு வருபவர்கள் காலனித் தெருப் பெண்கள். பன்னிரண்டு பதினைந்து பேர் ஒரு கூட்டமாக, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர் ஒரு பெண்மணி. என் அம்மாவைவிட மூத்தவர். ஆனால் என் அம்மா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவர் என் அம்மாவை 'அம்மா' என்பார், என்னைப் 'பாப்பா' என்பார். சின்ன வயதில் நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். யாரும் திருத்தவில்லை.

2019 ஆவணியில் சம்பா வேலை தொடங்கிய நேரம். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடும்போது அவர் என் அம்மாவிடம் சொன்னார்: "அந்த மில்லுல கணக்கெழுத ஆள் தேடறாங்களாம்மா. பாப்பாவப் போயிப் பாக்கச் சொல்லுங்க." மறுநாள் போனேன். எந்த ஊர், யார் மகள் என்று கேட்டார்கள். அப்பா பெயரைச் சொன்னதும் ஒருவர், "ஓ, அவரு பொண்ணா" என்றார். அப்பாவை அவருக்கு எப்போதோ ஒரு உரக்கடையில் பார்த்த பழக்கம். அடுத்த வாரமே வேலைக்கு வரச் சொன்னார்கள்.

கிரனோவெட்டர் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது பாருங்கள். நெருங்கிய சொந்தமில்லை, வேறு வட்டத்து மனிதர், தற்செயலான பேச்சு, வேலை. ஆறேழு மாதம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருடைய மகள் எனக்கு இரண்டு வருடம் முன்னால் அதே பி.காம். முடித்தவள் என்று. அந்த ஆலைக்கு என்னைவிட இருபது நாள் முன்னதாகப் போனவள் அவள்தான். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னாள். எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார்கள். அதையும் சொன்னாள். ஆள் எடுத்தாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று அங்கே மூட்டை தைக்கும் பெண் ஒருத்தி வந்து சொல்லியிருக்கிறாள். தன் மகளுக்கு இல்லை என்று ஆன வேலை வேறு யாருக்காவது ஆகட்டும் என்று அவர் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

என்னை ஒருபோதும் அவர்கள் 'எந்தத் தெரு' என்று கேட்கவில்லை. அப்பா பெயரே அதற்குப் பதிலாக இருந்தது.

இது ஏதோ ஓர் ஆலைக்காரரின் கெட்ட குணம் என்று நினைக்க வேண்டாம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றுதான், பெயர்தான் வேறு. ஆதிக்கசாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஒன்று என்றால், தலித் பெயருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, எல்லோருக்கும் பொது என்று நடக்கும் இடத்திலேயே இந்த நிலை. விளம்பரமே இல்லாமல், 'தெரிந்தவர் மூலம்' மட்டும் நடக்கும் இடத்தில்? அங்கே வடிகட்டும் வேலையைப் பழக்கமே செய்துவிடுகிறது. யாரையும் நிராகரிக்கக்கூட வேண்டியதில்லை. செய்தி போகாது, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பம்பாய் தாதர் பகுதிப் பள்ளிகளை வைத்துக் கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 2006-இல் எழுதிய ஆய்வில், சாதிப் பழக்கத்தால் ஆலை வேலை கிடைத்துவந்த குடும்பங்களின் பையன்கள் மராத்தி வழிப் பள்ளியிலேயே நின்றுவிட்டார்கள் என்று காட்டினார்கள். தெரிந்த ஆள் இருக்கிறார், வேலை நிச்சயம், பிறகு எதற்கு வேறு படிப்பு? பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தில் இடமே இல்லை. இழக்க ஒன்றுமில்லாததால் அவர்கள் ஆங்கில வழிக்கு மாறினார்கள். புது வேலைகள் வந்தபோது முன்னால் போனார்கள். ஆக, தெரிந்த ஆள் இல்லாதது எப்போதும் சாபமில்லை. ஆனால் இதிலிருந்து 'படித்தால் போதும்' என்ற முடிவுக்குப் போக எனக்கு மனமில்லை. என் வேலைக்கு என்னைவிட முன்னால் போனவளும் படித்தவள்தான். அவளுக்கு என்னைவிட மதிப்பெண்ணும் அதிகம்.

கேட்டுக்கொண்டே இருந்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கையை இந்த மண்ணில் வைத்துப் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். கீழ்வெண்மணி அன்றைய தஞ்சாவூர் மாவட்டம். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டவர்கள் விடாமல் கேட்டார்கள், சங்கமாகக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. 1969-இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது என்றால், அந்தச் சட்டத்தின் விலை அது. விடாமுயற்சியை ஒரு தனிமனிதக் குணமாகப் பாடம் நடத்துபவர்கள், கேட்பதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் அதே பாடத்தில் சொல்ல வேண்டும்.

ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். மணலூர் மணியம்மையின் வாழ்க்கை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் கைம்பெண்ணாகி, முடியை வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, காங்கிரசிலிருந்து கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்து, கீழத்தஞ்சைப் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியவர். 1953-இல் ஒரு மான் முட்டி இறந்துபோனார். அவர் இறந்து கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து, அவரை அறிந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசி, 1991-இல் அந்த நாவலைக் கொண்டுவந்தார் ராஜம் கிருஷ்ணன். பெண்ணுக்கு அரைகுறைப் பழக்கம் கூடாது என்ற ஊரில், சேரிக்குள் போய் உட்கார்ந்து பேசுவதையே தன் அரசியலாக்கியவர் மணியம்மை. வேலிக்கு அந்தப் பக்கம் உறவு வைத்துக்கொண்டதுதான் அவர் செய்த முதல் கலகம் என்று நான் வாசிக்கிறேன்.

நாவலோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. ஒரு தலைவியின் வாழ்க்கையாக எழுதப்பட்டதால் வெளிச்சம் முழுக்க வேலி தாண்டி வந்தவர் மீது விழுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே இருந்த பெண்கள், அவரை நம்பலாமா என்று எடைபோட்ட பெண்கள், தங்களுக்குள் செய்தி கடத்திய பெண்கள், கூட்டமாகத்தான் வருகிறார்கள். எங்கள் நடவுக் கூட்டத்தை யோசித்துப் பாருங்கள். யார் வயலில் எப்போது நடவு, எந்த ஊரில் கூலி எவ்வளவு, எந்த ஆலையில் ஆள் தேவை, எந்த மேஸ்திரி கை நீட்டுகிறவன், எல்லாம் அந்த வரப்பில் இருக்கிறது. நூறு நாள் வேலையிலும் இதே. 2006-இல் நாகப்பட்டினம் மாவட்டம் முதல் கட்டத்திலேயே இதில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைநாட்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களுடையது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதோடு, பல தெருப் பெண்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசக் கிடைத்த இடமும் அது. வழிகாட்டல் வகுப்புகள் கண்ணில் காணாத நெட்வொர்க் இதுதான். அதிலிருந்து செய்தி எங்கள் தெருவுக்கு வருகிறது, வேலை எங்கள் தெருவில் தங்கிவிடுகிறது. எனக்கு வந்த மாதிரி.

இந்த விஷயம் தெரிந்த பிறகு நான் அவளைப் போய்ப் பார்த்தேன். அதற்குள் அவள் திருப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்திருந்தாள். பொங்கலுக்கு வந்திருந்தவளிடம் ஏதோ மன்னிப்புப் போலச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நீ போகாம இருந்திருந்தா அத எனக்கா குடுத்திருக்கப் போறாங்க?" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "உள்ள இருக்கல்ல? அங்கேருந்து எதாவது செய்" என்றாள்.

2021-இல் ஆலையில் ஜிஎஸ்டி கணக்கு வேலை கூடியது. இன்னொரு ஆள் தேவை என்றார்கள். காலனித் தெருவிலிருந்து பி.காம். முடித்த இன்னொரு பெண்ணின் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நம்ம ஆளா?" என்று கேட்டார்கள். "எங்க காலேஜ்ல படிச்ச பொண்ணு சார்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. கேள்வி எதைக் கேட்டது என்று தெரிந்தே வேறு எதற்கோ பதில் சொன்னேன். அவளைக் கூப்பிடவில்லை. வேறு ஒரு பையன் வந்தான், நான்கு மாதத்தில் போனான். மறுபடி அதே விண்ணப்பத்தை வைத்தேன். நேரில் கூப்பிட்டார்கள், எடுக்கவில்லை. மூன்றாம் முறை மார்ச் முடிவுக் கணக்கு நெருக்கடியில், "ஆள் வந்தாத்தான் முடிக்க முடியும், அந்தப் பொண்ணத்தான் கூப்பிடணும், எந்தத் தெருன்னு கேக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேலை போகும் என்று பயந்துதான் சொன்னேன். போகவில்லை. அவள் வந்தாள்.

அவள் நேர்முகத்துக்குப் போவதற்கு முந்தைய நாள் என் சம்பளம் எவ்வளவு, ஆரம்பத்தில் எவ்வளவு, எந்த வருடம் எவ்வளவு கூட்டினார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு காலத்தில் இங்கே கூலி மரக்காலில் அளக்கப்பட்டது. அளவில் திருட்டு இருந்ததால் முத்திரை மரக்கால் வேண்டும் என்று சங்கம் போராடியது. களத்தில் அளந்ததால் யாருக்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்தது; கேட்கவும் முடிந்தது. இன்று சம்பளம் கவரில் வருகிறது. பக்கத்து நாற்காலிக்காரிக்கு எவ்வளவு என்று தெரியாது. தெரியாதவரை கள்ள மரக்கால் நடந்துகொண்டே இருக்கும்.

வழிகாட்டல் வகுப்பில் எழுதிய அந்த இரண்டு வரிகளை நான் கிழித்துப் போடவில்லை. ஆள் மாற்றிப் படிக்கிறேன். பழக்கத்தை வளர்த்துக்கொள் என்பது வேலை தேடும் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வேலையில் இருப்பவளுக்குச் சொல்ல வேண்டியது. விடாமல் தட்டு என்பதையும் வெளியே நிற்பவளிடம் சொல்லாதீர்கள். அவள் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தவள். உள்ளே உட்கார்ந்திருக்கும் நம்மிடம் சொல்லுங்கள். நான் மூன்று முறை கேட்டேன். மூன்றுக்கே அவ்வளவு பயம்.

அந்த அம்மா இன்னும் நடவுக்கு ஆள் சேர்க்கிறார். மிஷின் நடவும் நேரடி விதைப்பும் வந்து நாட்கள் குறைந்துவிட்டன. போன சம்பாவில் எங்கள் வயலுக்கு வந்தபோது நான் அவரை 'அக்கா' என்று கூப்பிட்டேன். என் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவரும் பார்த்தார். "என்ன பாப்பா?" என்றார். டீ கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். வீட்டில் நாங்கள் குடிக்கும் டம்ளரில்தான் கொண்டுபோயிருந்தேன். இருபத்தெட்டு வயதில்.